ஓமந்தூர் கல்யாணத்துக்குப் போறீங்களா? பந்தி முடிஞ்சதும் கிளம்பிடாதீங்க!

தை பிறந்துவிட்டால் போதும். திண்டிவனம் பக்கத்திலிருந்து சென்னைக்குக் குடிவந்த குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கல்யாணப் பத்திரிகைகள் வரிசைகட்ட ஆரம்பித்துவிடும். பெரியப்பா பேத்திக்கு இந்த முகூர்த்தம், அத்தை மகனுக்கு அடுத்த முகூர்த்தம். கூடவே மண்டபத்தின் லொகேஷனும் வந்துவிடுவதால் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை.

அதனால் பயணமும் சுருங்கிவிட்டது. மாலையில் கார் எடுத்தால் ரிசப்ஷன் நேரத்துக்கு மண்டபம். மேடையேறி ஒரு போட்டோ, மொய், பந்தி, கையில் தாம்பூலப் பை. இரவு 12 மணிக்குள் மறுபடியும் சென்னை. இரண்டு நாள் முன்னதாகவே வந்து, பந்தல் நிழலில் பாய் விரித்துப் படுத்து, மறுவீட்டுச் சாப்பாடு வரை இருந்துவிட்டுப் போன தாத்தா, பாட்டி காலம் வேறு.

இதில் நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான். ‘சொந்த ஊர் எது?’ என்று கேட்டால் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டால், கல்யாண மண்டபத்தையும் கார் பார்க்கிங்கையும் தாண்டி அவர்களுக்கு எதுவும் தெரிவதில்லை. விழுப்புரம் மாவட்டம் ஓமந்தூர் பக்கம் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் ஒரே ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கினால் இந்தக் குறை தீரும்.

போவது எப்படி?

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி சாலையில் சுமார் 125 கி.மீ. வந்தால் திண்டிவனம். அங்கிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது ஓமந்தூர். ரயிலில் வருகிறவர்கள் எழும்பூர் – விழுப்புரம் பாதையில் திண்டிவனத்தில் இறங்கி, பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கலாம். முகூர்த்த நாள் சனி, ஞாயிறோடு சேர்ந்து வந்தால் பரனூர், ஆத்தூர் சுங்கச்சாவடிகளில் வாகனங்கள் நீளமாக நிற்கும். அப்படிப்பட்ட நாளில் ரயில்தான் நிம்மதி.

புளிய மரங்கள் அடர்ந்த ‘திந்திரிணி வனம்’தான் திண்டிவனம் ஆனது என்பார்கள். ஊரைத் தாண்டினால் ஏரிகள், வேர்க்கடலைக் கொல்லைகள், சவுக்குத் தோப்புகள். மாசி, பங்குனியில் வருகிறவர்களுக்குச் சாலையோரம் தர்பூசணிக் குவியல்களும் உண்டு.

ஊர்ப் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டவர்

ஓமந்தூரார் என்றதும் சென்னைப் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது அண்ணா சாலையில் இருக்கும் பன்னோக்கு அரசு மருத்துவமனை. அந்தப் பெயர் அத்தை வீட்டுக் கல்யாணம் நடக்கும் இந்த ஊரிலிருந்துதான் போனது என்று சொன்னால் பல பேர் நம்ப மாட்டார்கள்.

ஓமந்தூர் பி.ராமசாமி ரெட்டியார் 1895 பிப்ரவரி 1-ம் தேதி இங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1947 மார்ச் மாதம் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். முதலமைச்சரை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலை பெற்றபோது, மாகாண ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் அவர்தான். 1949 ஏப்ரலில் பதவி விலகினார். இரண்டே ஆண்டு ஆட்சி.

அந்த இரண்டு ஆண்டில் வந்த சட்டங்களைக் கல்யாணத்துக்கு வந்த இடத்தில் நினைத்துப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும். 1947-ல் வந்த ஆலயப் பிரவேசச் சட்டம், ஒடுக்கப்பட்ட மக்கள் மாகாணத்தின் இந்துக் கோயில்களுக்குள் போய் வழிபடும் உரிமையை உறுதி செய்தது. அதே ஆண்டின் இன்னொரு சட்டம், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடை செய்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டுகளாகப் போராடி வந்ததன் பலன் அது.

அந்தச் சட்டத்தில் ஒரு முக்கியமான அம்சம் உண்டு. பொட்டுக்கட்டப்பட்டவர் என்பதாலேயே ஒரு பெண் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளும் தகுதியை இழந்துவிட மாட்டார் என்று அது தெளிவாகச் சொன்னது. தாலி கட்டிக்கொள்ளலாமா என்ற கேள்வியே பல பெண்களுக்கு எழ முடியாமல் இருந்த நாட்டில், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டமும் இவர் காலத்தில் வந்ததுதான்.

பதவியை விட்ட பிறகு அவர் போய்ச் சேர்ந்த இடம் வடலூர். வள்ளலார் வழியில் தொண்டு செய்து, 1970-ல் காலமானார். ஓமந்தூரில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. முகூர்த்தம் முடிந்து மதியப் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில், பட்டுப் பாவாடையும் வேட்டியுமாகச் சுற்றும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு நடை போய்வரலாம். அவர் பிறந்தநாளும் தை மாதத்திலேயே வருவதால், சில கல்யாணங்களுக்கு இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்.

சங்க காலத்து ‘ரூட் மேப்’

விருந்துக்குப் போகிறவர்களுக்கு வழியும் சொல்லி, எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்றும் சொல்லும் நூல் ஒன்று இந்த வட்டாரத்தைப் பற்றியே இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை. 269 அடிகள் கொண்ட பாட்டு. ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனிடம் பரிசு பெற்று வரும் பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வதாக அமைந்தது.

முதலில் கடற்கரையில் எயிற்பட்டினம். அங்கே சுட்ட மீன் கிடைக்கும். அடுத்து வேலூர். அங்கே புளி சேர்த்த சுடுசோறும் காட்டு மாட்டிறைச்சியும். அதற்கடுத்து ஆமூர். உலக்கையால் குத்திய அரிசிச் சோற்றோடு நண்டு. கடைசியில் அரசன் இருக்கும் கிடங்கில். அங்கே நல்லியக்கோடன் புது உடை கொடுத்து, பொற்கலத்தில் உணவு வைத்து, தானே பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு ஊட்டுவான் என்கிறது பாட்டு. இலை முன்னால் வந்து நின்று, ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க மாமா’ என்று கேட்கும் பெண் வீட்டார் ஞாபகத்துக்கு வருகிறார்களா?

எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்காணம், கிடங்கில் என்பது திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிவிட்ட கிடங்கல் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். பாட்டில் வரும் வேலூரை, கிளியனூர் பக்கத்து உப்புவேலூர் என்று அடையாளம் காண்பவர்கள் உண்டு. அப்படியானால் பாணர்கள் யாழோடு நடந்த வழி, இன்று கல்யாண வேன்கள் போகும் சாலைக்குப் பக்கத்திலேயே போயிருக்கிறது.

கழுவேலிக்கும் இது சீசன்

ஓமந்தூருக்குக் கிழக்கே, மரக்காணம் – வானூர் வட்டாரங்களில் பரந்து கிடக்கிறது கழுவேலி ஏரி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்று இதைச் சொல்வார்கள். சுற்றியுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் மழைக்காலத்தில் இங்கே வந்து சேர்கிறது. உப்புக்கழி ஓடை, எடையன்திட்டு கழிமுகம் வழியாகக் கடலோடும் தொடர்பு உண்டு. அதனால் மழை பெய்த புதிதில் நல்ல தண்ணீராக இருப்பது, நாள் போகப் போக உவர்ப்பாகும். கோடையில் பெரும்பகுதி வற்றிவிடும்.

ஆழம் குறைவு என்பதுதான் பறவைகளுக்கு வசதி. மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் கூட்டங்களுக்கு இது முக்கியமான தங்குமிடம். ஊசிவால் வாத்துகள், பூநாரைகள், கூழைக்கடாக்கள் என்று குளிர்காலத்தில் ஏரி நிறைந்திருக்கும். மார்கழியில் நம் வீடுகளில் கல்யாணம் கிடையாது. ஏரியில் அப்போதே கூட்டம் களைகட்டிவிடும். தை பிறந்தால் இரண்டு விருந்தாளிகளும் ஒரே நேரத்தில் இங்கே இருப்பார்கள்.

இந்த ஏரிக்குச் சிக்கல்களும் குறைவில்லை. ஆக்கிரமிப்பு, இறால் பண்ணைகள், பறவை வேட்டை என்று பல ஆண்டுகளாகப் புகார்கள் வந்த இடம். 2021 டிசம்பரில் 5,151.6 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. 2024 ஆகஸ்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் கழுவேலி சேர்ந்தது.

கல்யாணத்துக்கு வருகிறவர்களால் இதற்கு நல்லதும் நடக்கலாம், கெட்டதும் நடக்கலாம். ப்ரீ வெட்டிங் ஷூட்டுக்கு ட்ரோன் பறக்கவிடும் காலம் இது. பூநாரைக் கூட்டத்துக்கு மேல் ஒரு ட்ரோன் போனால், இரை தேடிக்கொண்டிருந்த அத்தனையும் பயந்து எழும்பிவிடும். பல ஆயிரம் கி.மீ. பறந்து வந்த பறவைக்கு அந்த வீண் அலைச்சல் சாதாரணமானதல்ல. சரணாலயத்துக்குள் படப்பிடிப்பு என்றால் முதலில் வனத்துறையிடம் அனுமதி கேளுங்கள். கரையில் பட்டாசு, ஸ்பீக்கர் வேண்டாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை எடுத்துப்போன பையிலேயே திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஒரு நாள் திட்டம்

* கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியமே ஊர் வந்து சேருங்கள். 4 மணி வாக்கில் கழுவேலிக் கரை. சொந்தக்காரர்களில் ஊரோடு இருக்கும் ஒருவரை உடன் அழைத்துப் போனால் வழியும் தெரியும், கதையும் கிடைக்கும். பைனாகுலர் இருந்தால் மறக்காதீர்கள்.
* பொழுது சாய்ந்ததும் திரும்பினால் பெண் அழைப்புக்குச் சரியாக இருக்கும்.
* மறுநாள் காலை முகூர்த்தம், டிபன், அப்புறம் ஓமந்தூரார் மணிமண்டபம்.
* மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த வழியே திரும்பாமல் மரக்காணம் போங்கள். பழைய பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. உப்பளங்களில் வேலை நடக்கும் மாதங்களில் வெள்ளை வெளேரென்று குவிந்திருக்கும் உப்பைப் பார்க்கலாம்.
* அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் இடைக்கழிநாடு. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனாரின் பெயருக்கு முன்னால் நிற்பது இந்த நாடுதான். கொஞ்சம் தள்ளிக் கடலோரத்தில் ஆலம்பரைக் கோட்டை. பிறகு மாமல்லபுரம் வழியாகச் சென்னை.

பெட்ரோல் செலவு கொஞ்சம் கூடும். அலுவலகத்தில் ஒரு நாள் லீவும் சொல்ல வேண்டியிருக்கும். பத்திரிகை வைக்க வந்தவர்கள் ‘ரெண்டு நாள் முன்னாடியே வந்துடணும்’ என்று சொல்லிவிட்டுத்தானே போனார்கள்? அதில் ஒரு நாளையாவது கொடுங்கள். அடுத்த முறை யாராவது ‘உங்க ஊர்ல என்ன இருக்கு?’ என்று கேட்டால், பிள்ளைகள் பதில் சொல்லிக்கொண்டே போவார்கள்.