தலைமாட்டுக்கு ஒரு சிற்றலை ரேடியோ

“அப்பாவுக்கு ராத்திரியில் தூக்கம் வருவதில்லை சார். தலைமாட்டில் வைத்துக் கேட்க, விலை குறைந்த சிற்றலை ரேடியோ எதை வாங்கலாம்?” என்று பழைய மாணவி ஒருத்தி கேட்டாள். மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அப்பா தேடுவது பிபிசி தமிழோசை என்றால், 1941இல் தொடங்கிய அது 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் அந்தக் குரல் வராது. வாங்குவதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிடம்மா. ராத்திரி முழுக்கத் திருகித் திருகி ஏமாறக் கூடாது. பிபிசியின் ஆங்கில ஒலிபரப்பு சிற்றலையில் இன்னும் இருக்கிறது.

பெட்டியில் எத்தனை பேண்டு என்று போட்டிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, 49, 41, 31 மீட்டர் இருக்கிறதா என்று பார். இரவில் நன்றாக எடுப்பவை அவைதான். முள் நகரும் ரேடியோ மலிவு. ஆனால் கண் மங்கியவருக்கு எண் காட்டுகிற டிஜிட்டல்தான் வசதி. நிலையங்களைப் பதிந்தும் வைக்கலாம். தானாக அணையும் டைமர், இயர்போன் மாட்டும் வசதி, கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரி போதும்.

செல்போன் சார்ஜரையும் எல்இடி விளக்கையும் தள்ளி வை; இரைச்சல் குறையும். கட்டில் ஜன்னலோரம் இருந்தால் இன்னும் நல்லது.

முதல் நாள் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து, நான்கு நிலையங்களைப் பிடித்துப் பதிந்து கொடுத்துவிட்டுத் தூங்கப் போ.