அப்பாவின் இரண்டாவது துண்டு

எங்களிடம் இருந்தது பழைய பியட். இத்தாலிக்காரர்களின் 1100 மாடலைத்தான் பம்பாய் குர்லாவில் செய்தார்கள். 1974 முதல் பத்மினி என்று பெயர். (நடிகை இல்லை, சித்தூர் ராணி.) 1089 சிசி, கியர் ஸ்டீயரிங்கை ஒட்டியே இருக்கும்.

ஒரு சித்திரை மாதம். மதுரையில் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடித்து, வத்தலக்குண்டு வழியாக மன்னவனூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கொடைக்கானலுக்கு அப்பால் இன்னும் 35 கிலோமீட்டர் போல உண்டு. இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டுமென்று கொதிக்கும் வெயிலில் நிறுத்தாமல் ஏற்றினேன். பாதி மலையில் வண்டி நின்றுவிட்டது.

"அம்பாசடர் வாங்குடான்னு அப்பவே சொன்னேன். இத்தாலி வண்டிய நம்பலாமா?" கட்டுப் போட்ட கண்ணோடு அப்பா.

வண்டியைச் சொல்லிக் குற்றமில்லை, என் அவசரம்தான். பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு சேர்ந்தே இருக்கும். சூடு ஏறி உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப் இழுக்காது. அம்பாசடரும் இப்படி நிற்கும், அதை அப்பாவிடம் யார் சொல்வது? அவர் தோளிலிருந்த துண்டை நனைத்துப் பம்ப் மேல் சுற்றிவிட்டுக் காத்திருந்தேன். அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டது. பூம்பாறை தாண்டும்போது நல்ல இருட்டு, குளிர். அப்பா துண்டில்லாமல் நடுங்கிக்கொண்டே வந்தார், ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஏறும்போதெல்லாம் இரண்டு துண்டு கொண்டுவருவார். ஒன்று தோளுக்கு, ஒன்று பம்புக்கு.