இது எவ்வளவு பழசு?

எங்கள் தொழிலில் ஒரு பாராசிட்டமால் உண்டு. வாடிக்கையாளர் எந்தக் கோளாறோடு போன் செய்தாலும் முதலில் அதைத்தான் கொடுப்போம்: "சார், ஒரு தடவை கன்ட்ரோல் எஃப்5 அடிச்சுப் பாருங்க." பாதி நேரம் சரியாகிவிடும். சரியான பிறகு ஏன் என்று அவரும் கேட்க மாட்டார், நாங்களும் சொல்ல மாட்டோம். பத்து வருடத்துக்கு மேலாக இந்த மாத்திரையைக் கொடுத்துவருகிறேன். அது எந்த நோய்க்கு என்று ஒருமுறையாவது சாவகாசமாகச் சொல்லிப்பார்க்கலாம் என்று தோன்றியது.

நோயின் பெயர் கேஷ். பணம் என்ற பொருளில் வரும் கேஷ் இல்லை. ஒலி ஒன்றுதான், பிறந்த வீடு வேறு. ஒளித்துவைப்பது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது இது. தமிழில் நேராகச் சொன்னால் பதுக்கல். பதுக்கல் என்றதும் நமக்கு ரேஷன் அரிசிதான் ஞாபகம் வரும். ஆனால் இந்தப் பதுக்கலில் குற்றம் ஒன்றுமில்லை. தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சி ஒவ்வொரு எலுமிச்சம்பழத்துக்கும் கோயம்பேடு போய்வந்தால் கடை நடத்த முடியுமா? மொத்தமாக வாங்கி உள்ளே போட்டுவைக்கிறார். பிரவுசரும் அப்படித்தான். படம், எழுத்துரு, ஸ்கிரிப்ட் என்று ஒரு தளத்தின் சரக்குகளை முதல் தடவை இறக்கி உங்கள் கருவியிலேயே வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை கேட்டால் உள்ளேயிருந்து எடுத்து நீட்டுகிறது. உங்களுக்கு டேட்டா மிச்சம், சர்வருக்கு வேலை மிச்சம்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். மூட்டைக்குள் சரக்கு கெட்டுப்போனால் அண்ணாச்சிக்கு மூக்கு சொல்லிவிடும். பிரவுசருக்கு மூக்கு கிடையாது.

அதனால் எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று சர்வர்தான் சொல்லியனுப்ப வேண்டும். 1996-இல் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்தில் அதற்கு எக்ஸ்பயர்ஸ் என்று ஒரு வரி இருந்தது. பால் பாக்கெட்டில் தேதி அடிக்கிற மாதிரி. 1997-இல் வந்த 1.1, கேஷ்-கன்ட்ரோல் என்ற வரியைச் சேர்த்து, இத்தனை விநாடி என்று கணக்காகச் சொல்ல வழிசெய்தது. சர்வர் எதுவுமே சொல்லாவிட்டால்? பிரவுசர் தானாக ஓர் உத்தேசக் கணக்குப் போட்டுக்கொள்ளும். ஒரு கோப்பு கடைசியாக மாறி பத்து நாள் ஆகியிருந்தால், இன்னும் ஒரு நாளைக்கு மாறாது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதாவது பத்தில் ஒரு பங்கு. நீங்கள் வாயைத் திறக்காவிட்டாலும் பதுக்கல் நடக்கும். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

இரண்டாவது இடம், நோ-கேஷ் என்ற கட்டளை. பெயரைப் பார்த்தால் 'சேமிக்காதே' என்றுதானே தோன்றும்? இல்லை. 'சேமித்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்டுவிட்டுக் கொடு' என்று பொருள். உண்மையிலேயே சேமிக்கக்கூடாது என்றால் நோ-ஸ்டோர் என்று சொல்ல வேண்டும். நெட்ஸ்கேப்பில் பணியாற்றிய ஃபில் கார்ல்டன் சொன்னதாக எங்கள் வட்டாரத்தில் ஒரு வாசகம் சுற்றும். கணினி அறிவியலில் கடினமானவை இரண்டே: கேஷில் இருப்பதைச் செல்லாததாக்குவது, பொருட்களுக்குப் பெயர் வைப்பது. நோ-கேஷ் என்ற ஒரே சொல்லில் இரண்டு சிக்கலையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

இந்தக் குழப்பத்துக்குப் பயந்து பலரும் ஒரு தாயத்து கட்டிக்கொள்கிறார்கள். நோ-கேஷ், நோ-ஸ்டோர், மஸ்ட்-ரீவேலிடேட் ஒரு வரி. ப்ராக்மா ஒரு வரி. எக்ஸ்பயர்ஸ் பூஜ்யம் ஒரு வரி. எங்கிருந்தோ காப்பியடித்த இந்த மூன்று வரியை எல்லாப் பக்கத்துக்கும் கட்டிவிட்டால் பழசு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று நினைப்பு. இதில் ப்ராக்மா, பிரவுசர் சர்வரிடம் கேட்கும்போது சொல்வதற்காக வந்தது; சர்வர் தரும் பதிலில் அதற்கு என்ன பொருள் என்று விதி எதுவும் வரையறுக்கவே இல்லை. ஆனாலும் எடுக்க யாருக்கும் தைரியம் வராது. தாயத்தை யார் அவிழ்ப்பது?

நோ-ஸ்டோர் கட்டாயம் தேவைப்படும் இடங்கள் உண்டு. பிரவுசிங் சென்டர் காலத்தை நினைத்துப்பாருங்கள். நீங்கள் வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு எழுந்து போகிறீர்கள். அடுத்து உட்கார்ந்தவர் பேக் பட்டனை அழுத்தினால் உங்கள் இருப்புத்தொகை அவர் கண்முன் வரக்கூடாது. அங்கே சேமிக்காமல் இருப்பதுதான் மரியாதை. ஆனால் அதே கட்டளையை லோகோவுக்கும் எழுத்துருவுக்கும் போட்டால், ஒற்றைக் கோடு சிக்னலில் நிற்கிறவர் ஒவ்வொரு பக்கத்துக்கும் அதே லோகோவைத் திரும்பத் திரும்ப இறக்க வேண்டியிருக்கும். நமக்கு ஆபீசில் ஃபைபர் இணைப்பு. நம் பயத்துக்கான செலவை அவர் ரீசார்ஜிலிருந்து கழிக்கிறோம்.

இதற்கு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. மாறாத கோப்புகளை ஒரு வருடம், அதாவது 3,15,36,000 விநாடி வைத்துக்கொள்ளச் சொல்லிவிடலாம். உள்ளடக்கம் மாறினால் கோப்பின் பெயரையே மாற்றிவிடலாம். பெயர் புதிது என்றால் பிரவுசர் புதிதாக இறக்கித்தானே ஆக வேண்டும்? பக்கத்துக்கு மட்டும் நோ-கேஷ். அது போய்க் கேட்கும். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்று சின்னதாக ஒரு பதில் சொல்லும். 'அதே தான், உன்கிட்ட இருக்கிறதையே கொடு.'

இனி, தானாகப் புதுப்பிக்கும் கதை. 1995-இல் நெட்ஸ்கேப் 1.1 பிரவுசர் இந்த வசதியோடு வந்தது. இத்தனை விநாடிக்கு ஒருமுறை இந்தப் பக்கத்தை மறுபடி ஏற்று என்று ஒற்றை வரியில் எழுதிவிடலாம். கிரிக்கெட் ஸ்கோருக்கும் பரீட்சை ரிசல்ட்டுக்கும் எஃப்5 தேய அழுத்திய தலைமுறைக்கு அது வரம்தான். ஆனால் பார்வையற்ற என் நண்பர் ஒருவர், திரையிலுள்ளதை வாசித்துச்சொல்லும் மென்பொருளோடு வேலை செய்பவர், இதைப் பற்றி ஒருமுறை சொன்னார்: "நாலாவது பத்தி படிச்சிட்டிருப்பேன். யாரோ புத்தகத்தைப் பிடுங்கி, முதல் பக்கத்தைத் திறந்து கையில குடுத்த மாதிரி இருக்கும். முப்பது செகண்டுக்கு ஒரு தடவை." 1999-இல் வெளியான அணுகல்தன்மை வழிகாட்டுதல்களே, நிறுத்தும் வசதியைப் பிரவுசர்கள் தரும்வரை இப்படித் தானாகப் புதுப்பிக்கும் பக்கங்களைச் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டன. பிறகு, பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு மாறும் தகவலை மட்டும் பின்னணியில் கேட்டு வாங்கும் முறை பரவியது. நண்பரின் புத்தகம் கையிலேயே இருந்தது. ஆனால் வேறொரு ஆபத்து வந்தது. முழுப் பக்கத்தையும் ஏற்றும்போது கோளாறு வந்தால் பிழைச்செய்தி திரையை நிறைத்து நிற்கும், யாருக்கும் தெரியும். பின்னணியில் கேட்கும்போது கோளாறு வந்தால், பழையது அப்படியே சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

அதன் விலை என்ன என்று நான் பார்த்தது ஒரு மருத்துவமனையில். அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போயிருந்தேன். எங்கள் டோக்கன் 63. சுவரில் பெரிய டிவி, அதில் 41 என்ற எண், மூலையில் கடிகாரம். அரைமணி நேரமாக 41. உள்ளே டாக்டருக்கு ஏதோ சிக்கலான கேஸ் போல என்று எல்லோரும் பொறுமையாக இருந்தோம். எங்கள் பக்கத்தில் 46-ஆம் எண்ணோடு ஒரு பாட்டி. திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து, தனியாக வந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவருகே போய்க் கேட்டால், 58 போய்க்கொண்டிருக்கிறதாம். "46-ஐ மூணு வாட்டி கூப்பிட்டோமே பாட்டி, எங்க போனீங்க?" என்றார் நர்ஸ். "நான் அதையேதான்மா பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று பாட்டி டிவியைக் காட்டினார். ஓர் ஊழியர் வந்து, டிவிக்குப் பின்னாலிருந்து கீபோர்டை எடுத்து, நம்முடைய அதே மாத்திரையைக் கொடுத்தார். 41 ஒரே தாவலில் 58 ஆனது. பாட்டியைக் கடைசியாகப் பார்ப்பதாகச் சொல்லி உட்காரவைத்தார்கள்.

இப்படி நின்றுபோக வழக்கமான காரணங்கள் இரண்டு. காலாவதி விவரம் இல்லாமல் பதில் வந்து, நடுவில் எங்கோ ஒரு பதுக்கல் பழைய பதிலையே நீட்டிக்கொண்டிருக்கும். அல்லது கேள்வி போய்ச் சேராமலேயே தோற்றிருக்கும், நிரல் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கும். இரண்டும் அடிக்கடி நடப்பவை. என்னை உறுத்தியது மூலையிலிருந்த கடிகாரம். அது அந்தப் பெட்டியின் சொந்தக் கடிகாரம், சர்வரிடம் எதையும் கேட்கத் தேவையில்லை. விநாடிமுள் சரியாக ஓடிக்கொண்டிருந்ததால் பக்கத்திலிருந்த எண்ணையும் எல்லோரும் நம்பினோம்.

பழசைக் காட்டுவதில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 2010-இல் வந்த ஒரு நீட்டிப்பு அதை விதியாகவே எழுதிவைத்திருக்கிறது: புதியது வரும்வரை பழையதைக் கொடு, பின்னால் ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டிரு, சர்வர் விழுந்துகிடந்தால் ஒன்றுமில்லாததற்குப் பழையதே மேல். நியாயமான ஏற்பாடு. ஆனால் பழசைக் கொடுக்கும்போது பழசு என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். எச்டிடிபியில் அதற்கும் இடம் இருக்கிறது. ஏஜ் என்று ஒரு வரி. இந்தப் பதில் எத்தனை விநாடி பழையது என்று நடுவிலுள்ள பதுக்கல்கள் அதில் எழுதியனுப்பும். 1997-லிருந்து இருக்கிறது. பிரவுசர் அதைப் படித்துக் கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆனால் திரைக்கு முன்னால் இருப்பவரிடம் தானாகச் சொல்லாது.

சொல்ல வேண்டியது பக்கத்தைக் கட்டுகிற நாம்தான். நேரம் முக்கியமான பக்கம் எதுவானாலும் நான் இப்போது ஒரு வரி சேர்க்கிறேன்: 'கடைசியாகக் கிடைத்த தகவல்: 10.42.' அந்த நேரம் தகவலோடு சேர்ந்து சர்வரிலிருந்து வர வேண்டும், பெட்டியின் கடிகாரத்திலிருந்து அல்ல. குறித்த நேரத்துக்குள் புதுப் பதில் வராவிட்டால் எண் மங்கிவிடும், 'கவுன்டரில் கேளுங்கள்' என்று வரும். எழுத அரைநாள் வேலை.

எழுதுவதைவிட ஒப்புக்கொள்ளவைப்பதுதான் பெரும்பாடு. சமீபத்தில் ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்தார். "நம்ம தகவல் பழசுன்னு நாமளே போட்டுக்கணுமா? பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?" பால் பாக்கெட்டில் தேதி போடுகிறார்கள், அதற்காக யாரும் பாலைக் கெட்டது என்று சொல்வதில்லையே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். சின்ன எழுத்தில், சாம்பல் நிறத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

போட்டிருக்கிறேன். பத்தடி தள்ளி நின்று பார்த்தேன், படிக்க முடிகிறது.