தலவில யாத்திரையும் விமான ஆசனமும்

இலங்கையின் வடமேற்குக் கரையிலே, கடலுக்கும் களப்புக்கும் இடையில் ஒரு விரல்போல வடக்கு நோக்கி நீண்டு கிடப்பது கற்பிட்டிக் குடாநாடு. அதன் மேற்கே அலை ஓயாத கடல்; கிழக்கே அலை அடங்கிய புத்தளம் களப்பு. இரண்டுக்கும் நடுவே மணலும் தென்னையும் நிறைந்த அந்நிலத்தின் கடலோரத்தில் அமைந்துள்ள ஊரே தலவில. அங்குள்ள புனித அன்னம்மாள் ஆலயம் இலங்கைக் கத்தோலிக்கருக்கு மட்டுமன்றி, பிற சமயத்தாருக்கும் நன்கு அறிமுகமான யாத்திரைத் தலம். 1939ஆம் ஆண்டு உருவாகிய சிலாபம் மறைமாவட்டத்தில் அது அடங்கியுள்ளது.

இத்தலம் பிரயாணத்தோடு பிறந்தது என்றே கூறலாம். ஐரோப்பிய வணிகன் ஒருவன் சென்ற கப்பல் இக்கரையருகே உடைந்ததென்றும், உயிர் தப்பிய அவன் தன்னிடமிருந்த அன்னம்மாள் திருவுருவத்தை ஓர் ஆலமரத்தடியில் வைத்து, தன் வாணிகம் செழித்தால் திரும்பி வந்து கோயில் எழுப்புவதாக நேர்ந்தானென்றும், சொன்னபடியே வந்து கட்டினானென்றும் செவிவழி வரலாறு கூறுகிறது. அன்னம்மாள் என்பவர் மரியன்னையின் தாய். ஆகவே இயேசுநாதருக்கு அம்மம்மா. மார்ச் மாதத்திலும், பின்னர் யூலை, ஆகஸ்ட் காலத்திலும் நடைபெறும் திருவிழாக்களுக்குத் தமிழரும் சிங்களவரும் குடும்பம் குடும்பமாக வந்து, மரநிழலில் தங்கிச் சமைத்து உண்டு, நேர்த்திக்கடன் தீர்த்துச் செல்வர். அந்தக் கூட்டத்தில் தம் அம்மம்மாவைக் கைப்பிடித்து அழைத்து வரும் பேரப்பிள்ளைகளைக் காணாத ஆண்டு இல்லை.

முற்காலத்தில் மாட்டுவண்டியிலும் தோணியிலும் வந்தார்கள். 1926ஆம் ஆண்டு புகைவண்டிப் பாதை புத்தளம் வரை எட்டியபின், பாலாவியில் இறங்கி வருவது எளிதாயிற்று. இன்றோ இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் ஆகாய விமானத்தில் வந்து கட்டுநாயக்காவில் இறங்குகின்றனர். இலண்டனிலிருந்து நேரே வரும் விமானம் ஏறக்குறைய 11 மணி நேரம் பறக்கிறது. ரொறன்ரோவிலிருந்து வருவோர் இடையில் விமானம் மாற வேண்டும். அவர்களுக்கு ஒரு நாள் முழுவதும் வழியிலேயே கழியும்.

இப்படி வரும் குடும்பத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் இருப்பது வழக்கம். பெரும்பாலும் அவருடைய நேர்த்திக்காகவே யாத்திரை நடைபெறும். விமான ஆசனங்களைத் தெரிவுசெய்யும் வேளையில், "அம்மம்மாவுக்கு யன்னலோரம் எடுங்கள். மேகம் பார்த்துக்கொண்டு, ஒருவரும் தொந்தரவு செய்யாமல் நித்திரை கொள்ளட்டும்" என்று அன்போடு சொல்வார்கள். அந்த அன்பு போற்றத்தக்கதே. ஆயினும் அந்த முடிவு சரியானதா என்பதைச் சற்று ஆராய வேண்டும்.

நீண்ட நேரம் காலை அசைக்காது அமர்ந்திருந்தால், காலின் உள்நாளங்களில் குருதி தேங்கி உறையக்கூடும். அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பிரயாணம் இந்நோய் உண்டாகும் வாய்ப்பை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது. ஆரோக்கியமான ஒருவருக்கு இது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு நேரும் அளவே; எனவே அஞ்சிப் பிரயாணத்தையே கைவிட வேண்டியதில்லை. முதுமை, பருத்த உடல், அண்மையில் செய்த சத்திரசிகிச்சை, முன்னொரு முறை குருதி உறைந்த வரலாறு ஆகியன இருந்தால் வாய்ப்பு மிகும். அத்தகையோர் புறப்படுமுன் தம் வைத்தியரைக் கண்டு ஆலோசனை பெறுவது அவசியம்.

யன்னலோரத்தில் இருப்பவர் எழுந்து நடக்க வேண்டுமாயின், பக்கத்தில் இருப்போரை எழுப்ப வேண்டும். நம் முதியோர் அதற்குக் கூச்சப்படுவர். பிறருக்குத் தொல்லை ஆகாதென்று தண்ணீரையும் குறைத்துக் குடிப்பர். பத்து மணி நேரமும் அடக்கிக்கொண்டு அசையாது இருப்பர். யன்னலோரத்தின் உண்மையான கேடு இதுவே. நடைவழியோர ஆசனமோ ஒருவரையும் கேளாமல் எழ உதவும். மணிக்கொரு முறை நான்கு அடி நடந்து வரலாம். இருந்த இடத்திலேயே குதிக்காலையும் விரலையும் மாறி மாறி உயர்த்தித் தாழ்த்துவதும் நன்று.

ஆகவே முதியவருக்கு நடைவழியோரம். அவரருகே யன்னலோரத்தில் பேரனோ பேத்தியோ. நீண்ட தூரம் செல்லும் ஏயார்பஸ் ஏ330 வகை விமானங்களின் சாதாரண வகுப்பில், ஒரு வரிசையில் இரண்டு, நான்கு, இரண்டு என ஆசனங்கள் இருப்பது பெருவழக்கு. ஓரத்து இரட்டை ஆசனம் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும்; நடுவில் அந்நியர் எவரும் இல்லை. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு நடுவிலுள்ள நான்கும் பொருந்தும். மும்மூன்றாக அமைந்த விமானங்களில், மூன்று ஆசனங்களையும் ஒரே குடும்பம் எடுத்துக்கொண்டால் கூச்சத்துக்கு இடமிராது.

அடுத்தது ஆட்டம். இதை அறிய விமானம் ஏறியிருக்க வேண்டுவதில்லை. பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் பஸ்சில் ஏறியவர்கள் அறிவார்கள். பின் ஆசனத்தில் இருப்பவரைக் குழிகள் தூக்கித் தூக்கிப் போடும். நடுவில் இருப்பவர் அத்துணை அலைக்கழிவதில்லை. விமானமும் அவ்வாறே. அதன் எடை சமன்படும் இடம் இறக்கைகளின் அருகே உள்ளது. காற்றுக் குழப்பத்தில் முனைகள் ஏறி இறங்க, இறக்கைக்கு நேரான வரிசைகள் குறைவாக ஆடும். தலைச்சுற்றும் வாந்தியும் உள்ளவர்கள் அங்கே அமர்வது நலம். ஆனால் கீழே பார்த்தால் இறக்கையே தெரியும். ஓசை குறைய வேண்டுவோர் இயந்திரங்களுக்கு முன்னுள்ள வரிசைகளைத் தேடலாம்.

சில ஆசனங்கள் பார்வைக்குச் சிறந்தவையாய்த் தோன்றும். அவசர வழியருகே காலை நன்றாக நீட்டலாம் என்பது உண்மை. ஆனால் ஆபத்து வேளையில் கதவைத் திறக்க உதவும் உடல் வலிமை உடையவர்களுக்கே அவ்விடம் தரப்படும்; சிறுவருக்கும் இயலாத முதியவருக்கும் கிடையாது. தடுப்புச் சுவருக்கு எதிரான முன்வரிசையில் கைக்குழந்தைக்குத் தொட்டில் மாட்டும் வசதி உண்டு. குழந்தையுள்ள தாய்க்கு அது வரப்பிரசாதம். அமைதியாக உறங்க விரும்புவோர்க்கு அவ்வாறன்று. அங்கே மடக்கு மேசை கைப்பிடிக்குள் இருப்பதால் ஆசனத்தின் அகலம் சற்றுக் குறையும். கைப்பையையும் விமானம் எழும்போது மேல் தட்டில் வைத்துவிட வேண்டும். கடைசி வரிசையில் பல விமானங்களில் ஆசனம் சாயாது. கழிவறையை ஒட்டிய ஆசனத்தில் கதவோசையும் காத்து நிற்போர் கூட்டமும் ஓயா. முதியவருக்குக் கழிவறையிலிருந்து நாலைந்து வரிசை தள்ளியிருப்பதே உத்தமம். ஆசனத்தை முன்கூட்டித் தெரிவுசெய்யப் பல விமானக் கம்பனிகள் தனிக்கட்டணம் அறவிடுகின்றன. குடும்பத்தில் எல்லோருக்கும் கொடுக்க இயலாவிடில், முதியவருக்கும் அவருக்குத் துணையாய் இருப்பவருக்குமாவது கொடுப்பது பயனுள்ள செலவு.

இனி யன்னலின் பெருமைக்கு வருவோம். அதை நாம் மறுக்கவில்லை. அதற்குரிய வேளை வேறு என்றே சொல்கிறோம். வடக்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ கடல்மேல் வரும் விமானம் கட்டுநாயக்காவை நெருங்கும்போது, இலங்கைக் கரை அதன் இடப்பக்கத்தில் இருக்கும். காற்றின் திசைக்கேற்ப இறங்கும் வழி மாறுமாயினும், பகல்வேளையில் வானம் தெளிந்திருந்தால் கரையைக் காணும் வாய்ப்பு இடப்பக்க யன்னலுக்கே அதிகம். விமானம் வடக்கே சற்று எட்டி வந்தால், கடலுக்கும் களப்புக்கும் நடுவே கற்பிட்டிக் குடாநாடு மெல்லிய கோடாகத் தோன்றும். நுரைச்சோலையில் 2011ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய அனல் மின்னிலையம் அதில் ஓர் அடையாளம். அதற்குச் சிறிது வடக்கே, அதே கரையில் உள்ளது தலவில. தெற்கு நோக்கிப் பறக்கையில் காலை வெயில் இடப்பக்கத்தில் கண்ணைக் கூசச் செய்யும். பிற்பகலில் வருவோருக்குக் காட்சி தெளிவாயிருக்கும்.

ஆதலால் இரவெல்லாம் நடைவழியோரத்தில் இருந்து, எழுந்து நடந்து, தண்ணீர் பருகி வந்த அம்மம்மாவைக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு யன்னலுக்கு மாற்றுங்கள். இறங்கும் வேளையில் இடுப்புப் பட்டியை மாட்டச் சொல்லும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பேத்தி நடைவழிக்கு வரட்டும். ஒரே பயணச்சீட்டில் இருவரும் இரண்டு நன்மையையும் பெறுவர்.

விமானம் இறங்கியதும் பிரயாணம் முடிந்துவிடுவதில்லை. நீர்கொழும்பு, சிலாபம், பாலாவி எனத் தலவில வரைக்கும் இன்னும் நூறு கிலோமீற்றருக்கு மேல் தரைவழி உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் எச்சரிக்கை பஸ்சுக்கும் மோட்டார் வண்டிக்கும் புகைவண்டிக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டதே. பத்து மணி நேரம் பறந்தவரை மேலும் சில மணி நேரம் அசையாது இருத்தி வைப்பது தகாது. சிலாபத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு தேநீர் அருந்தி, சற்று நடக்கச் செய்யுங்கள். வடக்கு நோக்கிச் செல்லும் அவ்வீதியில் காலையில் வலப்பக்கமும் மாலையில் இடப்பக்கமும் வெயில் அடிக்கும். அதற்கேற்ப அவரை நிழற்பக்கத்தில் அமர்த்துங்கள். கடல் கடந்து வந்த அந்த மூதாட்டியின் ஆசை பெரிதன்று. அன்னம்மாள் ஆலய முற்றத்து மணலில் தம் காலால் தாமே நடந்துபோய், ஒரு மெழுகுதிரி ஏற்ற வேண்டும் என்பதே. அந்தக் கால்களை நலமாகக் கொண்டுவந்து சேர்க்கும் ஆசனம் எதுவோ, அவருக்கு அதுவே சிறந்த ஆசனம்.