சிறுமலைத் தோட்டத்துக்கு எந்த வண்டி?

திண்டுக்கல்லில் இருந்து சிறுமலைக்கு சுமார் 25 கிலோமீட்டர்தான். 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடித்ததும் காற்று குளிர்ந்துவிடும். சாலையோரத்தில் எலுமிச்சை, பலா, வாழைக் கடைகள் தொடங்கிவிடும். மேலே நிழல் மரம், அதில் ஏறிய மிளகுக்கொடி, நடுவில் மலைவாழை, அடியில் காபி என ஒரே தோட்டத்தில் அடுக்கடுக்காக வெள்ளாமை செய்கிற ஊர் இது. சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. விளைகிறதெல்லாம் கடைசியில் திண்டுக்கல் சந்தைக்கு இறங்கியாக வேண்டும்.

தார்ச்சாலைக்கு வந்துவிட்ட சரக்கைப் பற்றிக் கவலை இல்லை, வேன் ஏற்றிக்கொண்டு போய்விடும். தோட்டத்துக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் இருக்கிற ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் பாடாய்ப் படுத்துகிறது. காலம் காலமாக அந்தத் தூரத்தைக் கடத்தி வந்தவை குதிரைகள். பழையூர், தென்மலைப் பக்கம் காலையில் நடந்தால், இரண்டு பக்கமும் பொதி கட்டிய குதிரைகள் ஒற்றையடிப் பாதையில் இறங்கி வருவதை இன்றும் பார்க்கலாம். மாட்டுப் பொங்கலன்று குதிரைக்குப் பொங்கல் வைக்கிற வீடுகளும் இங்கே உண்டு.

ஆனால், குதிரை பழக்க ஆள் குறைந்துவிட்டது. படித்துவிட்டு வெளியூர் போன பிள்ளைகள் தோட்டத்துக்குத் திரும்பும்போது, கைப்பேசியில் பார்த்த நாலு சக்கர பைக்கையும் மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ‘மலைத்தோட்டத்துக்கு ஏ.டி.வி. வாங்கலாமா? மினி டிராக்டர் நல்லதா, பவர் டில்லர் போதுமா?’ என்ற கேள்வியை மலைக்கு மலை கேட்கிறேன். இதற்கு ஒரு வரியில் பதில் சொன்னால், கேட்டவருக்குக் கடன்தான் மிஞ்சும்.

சிறுமலையில் மூன்று ஏக்கர் வைத்திருக்கிற ஒரு அம்மாவும் அவர் மகனும் இதே கேள்வியோடு கூப்பிட்டார்கள். நகையை அடகு வைத்து முன்பணம் கட்டத் தயாராக இருந்தார்கள். “வண்டியைப் பிறகு பார்ப்போம் தம்பி, முதல்ல பாதையைக் காட்டுங்க” என்றேன். பத்தடி நீள மூங்கில், ரசமட்டம், அளவு டேப் மூன்றையும் எடுத்துக்கொண்டு தார்ச்சாலையில் இருந்து தோட்டம் வரை நடந்தோம்.

சரிவை அளக்கும் முறை எளிது. மூங்கிலின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் வையுங்கள். ரசமட்டம் வைத்து மூங்கிலைச் சமமாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்தால் பத்தடிக்கு எத்தனை அடி இறக்கம் என்று தெரிந்துவிடும். ஒரு அடி என்றால் வண்டிப் பாதை. இரண்டு அடி என்றால் சுமையோடு இறங்கும்போது பயந்துதான் ஓட்ட வேண்டும். அதற்கு மேல் போனால், சுமை ஏற்றிய டிரெய்லரை அங்கே இறக்க வேண்டாம் என்பது என் கருத்து. பாதையின் நீளவாக்கில் மட்டும் அளந்தால் போதாது. குறுக்குவாக்கிலும் அளக்க வேண்டும். ஒரு பக்கச் சக்கரம் மேட்டிலும் மறுபக்கச் சக்கரம் பள்ளத்திலும் போகிற இடத்தில்தான் வண்டி கவிழும்.

அந்தக் குடும்பத்தின் பாதையில் முதல் ஒரு கிலோமீட்டர் நான்கரை அடி அகலம், பத்தடிக்கு ஒரு அடிக்குள் சரிவு. நடுவில் ஒரு ஓடை, அதையடுத்து பாறையடியில் கொஞ்சம் சமமான இடம். அங்கிருந்து தோட்டம் வரை சுமார் 400 மீட்டர்தான். ஆனால், அகலம் இரண்டரை அடி. இரண்டு இடங்களில் பத்தடிக்கு மூன்றடிக்கு மேல் இறக்கம். மகன் அளவு டேப்பைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு நாள் நடந்தும் இது தெரியலையே சார்” என்றார். கால் பழகிய பாதையில் செங்குத்து கண்ணுக்குத் தெரியாது.

அடுத்து சுமைக் கணக்கு. வாழை 15 நாளுக்கு ஒரு வெட்டு. வெட்டு நாளில் 25, 30 தார். சராசரியாகத் தாருக்கு 12 கிலோ என்று வைத்தாலும் 300 முதல் 360 கிலோ. பனிக்காலத்தில் காபிப் பழம், அது முடியும்போது மிளகு. மேலே ஏற்ற வேண்டியது எரு, உரம், கன்று. எல்லாவற்றையும் திண்ணையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். வருடத்தில் வண்டி தேவைப்படுகிற நாள் 80 வந்தது.

இந்த இரண்டு கணக்கையும் கையில் வைத்துக்கொண்டுதான் வண்டிகளைப் பார்க்க வேண்டும்.

முதலில் ஏ.டி.வி. இதன் சிறப்பு டயரில் இருக்கிறது. காற்றழுத்தம் மிகக் குறைவு என்பதால் ஈர மண்ணில் புதையாது, மண்ணையும் அதிகம் இறுக்காது. குறுகலாகத் திரும்பும். ஆனால், 500 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியிலேயே முன் தட்டில் சுமார் 40 கிலோவும் பின் தட்டில் சுமார் 80 கிலோவும்தான் வைக்க முடியும். மீதியை டிரெய்லரில்தான் இழுக்க வேண்டும். அகலம் நாலடியை நெருங்கும். நம் நாட்டில் விற்கிற ஏ.டி.வி.க்களில் பெரும்பாலானவற்றைச் சாலையில் ஓட்டப் பதிவு செய்ய முடியாது. போலாரிஸ் நிறுவனம் 2020-ல் டிராக்டர் வகையில் பதிவு செய்யக்கூடிய ஸ்போர்ட்ஸ்மேன் 570 வண்டியைக் கொண்டு வந்தபோது, அறிவித்த விலையே 7.99 லட்சம் ரூபாய். எட்டு லட்சத்தில் ஆறு லட்சம் கடன், பத்து சதவிகித வட்டி என்று வைத்தால், முதல் வருட வட்டி மட்டும் 60,000 ரூபாய். 80 நாளுக்குப் பிரித்தால், வண்டியைக் கிளப்பும் முன்னரே நாளுக்கு 750 ரூபாய் வட்டி. அசல், பெட்ரோல், டயர் தனி. மூன்று ஏக்கர் மலைத்தோட்டம் இதைத் தாங்காது.

அடுத்து பவர் டில்லர். 12, 13 குதிரைத்திறன் டில்லரில் டிரெய்லர் மாட்டினால் சமவெளியில் ஒரு டன் வரை இழுக்கும். விலை குறைவு, டீசல் குறைவு, பழுது பார்க்கப் பக்கத்து ஊரிலேயே ஆள் இருப்பார். ஆனால், மலைக்காரர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சமதளத்தில் இடது கைப் பக்கக் கிளட்சைப் பிடித்தால் டில்லர் இடது பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்தில் அதே கிளட்சைப் பிடித்தால் வலது பக்கம் திரும்பும். கிளட்ச் விடுபட்ட சக்கரம் சுமையின் தள்ளலில் வேகமாக உருளும், மறுசக்கரத்தை இன்ஜின் பிடித்து நிறுத்தும். அதுதான் காரணம். இது தெரியாமல் பள்ளத்துப் பக்கம் போய் விழுந்தவர்கள் உண்டு. இறக்கத்தில் கிளட்சைத் தொடாமல், கைப்பிடியைத் தள்ளித்தான் திருப்ப வேண்டும்.

மூன்றாவது, நாலு சக்கரமும் இழுக்கிற மினி டிராக்டர். 20 முதல் 27 குதிரைத்திறனுக்குள் மஹிந்திரா ஜிவோ, குபோட்டா நியோஸ்டார் போன்றவை கிடைக்கின்றன. மூன்றடி, மூன்றரை அடி அகலத்தில் நுழையும். உழவு, மருந்து தெளிப்பு, டிரெய்லர் என்று மூன்று வேலை செய்யும் என்பதால், வருடத்தில் ஓடும் நாள் கூடும். மலைக்கு எடுப்பதென்றால் நாலு சக்கர இழுவையும், கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டமும், சீட் பெல்ட்டும் இல்லாத வண்டியை வாங்காதீர்கள்.

நான்காவது, குதிரையையும் கோவேறு கழுதையையும் கணக்கில் இருந்து நீக்கிவிடக் கூடாது. இரண்டடிப் பாதையில் படி போன்ற பாறையில் இறங்க இவற்றை விட்டால் வேறு இல்லை. சுமைக்கு வரம்பு உண்டு. பொதி விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகள் மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ என்று சொல்கின்றன. அதற்கு மேல் ஏற்றினால் முதுகில் புண் வரும். புண் வந்த விலங்கு அந்தப் பருவம் முழுக்க நின்றுவிடும்.

அந்தக் குடும்பம் கடைசியில் எடுத்த முடிவு இதுதான். மேல் 400 மீட்டருக்குக் குதிரை. பாறையடிச் சமதளத்தில் தார்களை இறக்கி வைக்க ஒரு கொட்டகை. அங்கிருந்து தார்ச்சாலை வரை, அதே பாதையைப் பயன்படுத்தும் ஏழு குடும்பங்கள் சேர்ந்து ஒரு மினி டிராக்டர். மேல் துண்டை வெட்டி அகலப்படுத்தலாம் என்று ஒருவர் சொன்னார். வனத்துறை எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. மலைச்சரிவில் அனுமதி இல்லாமல் மண் அள்ளும் இயந்திரத்தை இறக்கினால் வழக்கு வரும். வெட்டிய மண் அடுத்த மழையில் கீழ்த் தோட்டக்காரரின் காபிச் செடி மேல் இறங்கும். அதனால் அதை விட்டுவிட்டு, கீழ்ப் பாதையில் மட்டும் கல் பாவி, மேட்டோரம் வடிகால் எடுக்கிறார்கள். நகை பெட்டியிலேயே இருக்கிறது.

கூட்டாக வாங்குவோர் யார் ஓட்டுவது, டீசல் யார் போடுவது, பழுதுக்கு மாதம் எவ்வளவு எடுத்து வைப்பது, மழைக்குப் பிறகு எத்தனை நாள் வண்டியை இறக்கக் கூடாது என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

மானியம் பற்றி: 2014-15 முதல் நடக்கும் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவிகிதம், மற்றவர்களுக்கு 40 சதவிகிதம் என, உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. குழுவாக வாடகை மையம் அமைக்கவும் வழி இருக்கிறது. உழவன் செயலியில் பதிவு செய்துவிட்டு, வேளாண் பொறியியல் துறை உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் பேசுங்கள். நீங்கள் நினைக்கிற மாடல் மானியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். கையில் ரசீது இருந்தாலும் பட்டியலில் இல்லாத வண்டிக்கு மானியம் வராது.

எந்த வண்டியானாலும் சில விதிகள் பொது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இறக்கத்தில் நியூட்ரல் போடவோ கிளட்சை அழுத்தவோ கூடாது. டிராக்டரில் சுமையை இழுவைக் கம்பிக்கு மேலே கட்டினால் முன்சக்கரம் தூக்கி வண்டி பின்பக்கம் கவிழும். டிரெய்லரிலும் மட்கார்டிலும் ஆள் ஏற்றாதீர்கள், குழந்தையை மடியில் வைத்து ஓட்டவே வேண்டாம். ஏ.டி.வி. ஓட்டுகிறவருக்கு ஹெல்மெட் கட்டாயம்.

வண்டி பற்றி இதழுக்குக் கேள்வி அனுப்பும் விவசாயிகள் நான்கு விவரங்களைச் சேர்த்து எழுதினால், பொருத்தமான பதில் சொல்ல முடியும். பாதையின் மிகக் குறுகிய இடம் எத்தனை அடி, மிகச் செங்குத்தான இடத்தில் பத்தடிக்கு எத்தனை அடி இறக்கம், அதிகச் சுமை உள்ள நாளில் எத்தனை கிலோ, வருடத்தில் எத்தனை நாள் வேலை. மூங்கிலோடு ஒரு காலை நேரம் நடந்தால் நான்கும் கிடைத்துவிடும்.