நின்ற படகுகள்

படகுவீடு என்ற சொல் நமக்கு இரண்டு சித்திரங்களைத் தருகிறது. ஒன்று தால் ஏரி. மற்றது ஆலப்புழை. இரண்டுமே பார்க்கப் போகிறவனின் படகுகள். இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்புகிறவனுக்கானவை. இங்கிலாந்தின் கால்வாய்களில் வருஷம் முழுக்க ஜனங்கள் குடியிருக்கும் நாரோபோட் அந்த ரகத்தைச் சேர்ந்ததல்ல. அது ஒரு ஒடுங்கிய வீடு. அகலம் 7 அடிக்குச் சற்றுக் குறைவு; நீளம் 70 அடிவரை போகலாம். இந்த அகலத்தை யாரும் அழகு கருதித் தேர்ந்தெடுக்கவில்லை. 1766இல் டிரென்ட்-மெர்ஸி கால்வாயை வெட்டத் தொடங்கிய ஜேம்ஸ் பிரிண்ட்லி, தண்ணீரையும் செலவையும் மிச்சம் பிடிப்பதற்காக, படகை மேட்டுக்கு ஏற்றி இறக்கும் லாக் தொட்டிகளை 7 அடி அகலத்துக்குத் திட்டமிட்டார். ஒரு பொறியாளரின் சிக்கனம் ஒரு ஜனக்கூட்டம் எவ்வளவு அகலத்தில் வாழவேண்டும் என்பதை நிர்ணயித்துவிட்டது. ரயில் வந்த பிறகு கூலி குறைந்து, கரையில் வாடகை கொடுக்க முடியாமல்போன படகோட்டிகள் குடும்பத்தையும் படகுக்கே கொண்டுவந்தார்கள். சரக்குக்குப் போக மிஞ்சிய 10 அடி நீள அறையில் கணவன், மனைவி, பிள்ளைகள். இந்த நெரிசலைக் கட்டுப்படுத்த, ஜார்ஜ் ஸ்மித் என்ற சீர்திருத்தக்காரரின் முயற்சியால் 1877இல் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

2022 டிசம்பரை ஒட்டி ஐந்து வாரம் இப்படி ஒரு படகில் இருந்தேன். என்னோடு பி.ஏ. ஆங்கிலம் படித்த சிநேகிதன், இலக்கியத்தை விட்டுவிட்டுக் கணினிக்குப் போனவன், கவென்ட்ரியில் வேலை பார்க்கிறான். வீட்டு வாடகைக்குப் பயந்து படகு வாங்கினான். பிரான்ஸ்டன் கிராமத்துக்குப் பக்கத்தில், கால்வாயிலிருந்து வெட்டிவிட்ட ஒரு குட்டையில் அதை நிறுத்தியிருந்தான். அந்தக் குட்டைக்கு மெரினா என்று பெயர். சென்னைக்காரனுக்கு மெரினா என்றால் மணலும் காற்றும். இங்கே மிதவைப் பலகைகளின் இருபுறமும் நூற்றுச் சொச்சம் படகுகள், சைக்கிள் ஸ்டாண்டில் சைக்கிள் நிறுத்தினமாதிரி. குளிர்காலத்தில் ஆள் இருந்தவை இருபதோ இருபத்தைந்தோ. எவை என்று தெரிந்துகொள்ளக் கதவைத் தட்டவேண்டாம். புகைபோக்கியைப் பார்த்தால் போதும்.

நான் போனதற்கு வங்கியில் சேர்ந்துகிடந்த விடுப்பு ஒரு காரணம். புத்தகங்கள் இன்னொன்று. எல்.டி.சி. ரோல்ட் 1939இல் தன் மனைவியுடன் 'கிரெஸ்ஸி' என்ற படகில் கால்வாய்களைச் சுற்றிவந்து எழுதிய 'நாரோ போட்' 1944இல் வெளிவந்தது. அதைப் படித்துவிட்டு ராபர்ட் ஐக்மேன் அவருக்குக் கடிதம் எழுதினார். 1945இல் சந்தித்தார்கள். 1946இல் கால்வாய்களைக் காப்பாற்ற ஒரு சங்கம் பிறந்தது. எலிசபெத் ஜேன் ஹவர்ட் அதன் அலுவலகத்தில் வேலை பார்த்தார். மூவருமே எழுத்தாளர்கள், மூவருமே அமானுஷ்யக் கதைகள் எழுதியவர்கள். எல்லாக் கால்வாய்களையும் காப்பதா, சிலவற்றுக்கு முதலிடம் தருவதா என்று வந்த தகராறு முற்றி, 1951இல் ரோல்ட் தான் தொடங்கிய சங்கத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார். சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கோடையில் படகுக்காரர்களுக்குள் பழக்கம் கையசைப்பதோடு சரி. எதிரே வருகிற படகுக்கு ஒரு கையசைப்பு, லாக்கில் சேர்ந்து கதவு தள்ளும்போது பத்து நிமிஷப் பேச்சு, அப்புறம் வேறு வேறு திசை. குளிர்காலம் அவர்களை நிறுத்திவிடுகிறது. 2012இலிருந்து கால்வாய்களை நிர்வகிக்கும் அறக்கட்டளை நவம்பரிலிருந்து மார்ச்வரை லாக்குகளை ஒவ்வொன்றாக அடைத்துப் பழுதுபார்க்கிறது. வழி இல்லை. வெளிச்சமும் இல்லை, மத்தியானம் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஆகவே நவம்பரில் எங்கே நின்றானோ அங்கேயே, யார் பக்கத்தில் நின்றானோ அவர்களோடு, நாலு மாதம். தேர்ந்தெடுக்காத அண்டை வீட்டார்.

இந்த வாழ்க்கையின் பொது இடம் நமக்குப் பழக்கமான ஒன்றுதான்: குழாயடி. படகின் தொட்டியை வாரம் ஒரு முறையாவது நிரப்பவேண்டும். கழிப்பறைப் பெட்டியைக் கழற்றிக்கொண்டுபோய்க் கொட்டிக் கழுவவேண்டும். இரும்பு அடுப்பின் சாம்பலைக் காலையில் அள்ளிக்கொண்டுபோய்த் தொட்டியில் போடவேண்டும். காலை எட்டு மணிக்கு ஒவ்வொருவராகச் சாம்பல் தட்டோடு வெளியே வருவார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியையும் வெல்டரும் மென்பொருள்காரனும் ஒரே கோலத்தில், இரவு உடைக்குமேல் கோட்டு மாட்டிக்கொண்டு, சொந்தக் கழிவைத் தாங்களே சுமந்துகொண்டு நிற்கிற இடத்தில் அந்தஸ்து பேச முடியாது. பேச்செல்லாம் பாட்டரி பற்றி, விறகின் ஈரம் பற்றி, சுவர் வியர்ப்பது பற்றி, ராத்திரி அடுப்பு அணையாமல் நின்றதா என்பது பற்றி. 'உங்கள் அடுப்பு நின்றதா?' என்பதுதான் அங்கே காலை வணக்கம்.

எவரும் எவருடைய பூர்வோத்தரத்தையும் விசாரிப்பதில்லை. பெயர்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. படகின் பெயரே ஆளுக்கும். எங்களுக்கு இரண்டு படகு தள்ளி ஒரு கிழவர் இருந்தார். படகின் பெயர் 'ஹெரான்'. ஆகவே அவரும் ஹெரான். நாலு வருஷப் பழக்கத்தில் அவர் முன்பு என்ன தொழில் செய்தார் என்று என் சிநேகிதனுக்குத் தெரியாது. எனக்கு இது முதலில் உறுத்தியது. முகவரிச் சான்று கேட்பதே என் பிழைப்பு. வாடிக்கையாளரை அறிந்துகொள் என்று ஒரு படிவமே வைத்திருக்கிறோம். இங்கேயோ பலருக்குச் சட்டப்படி முகவரியே கிடையாது. பல மெரினாக்களுக்குப் படகு நிறுத்த அனுமதி உண்டு, குடியிருக்க அனுமதி இல்லை. கடிதம் அக்காள் வீட்டுக்கோ பழைய முதலாளி வீட்டுக்கோ போகும். வங்கிக் கணக்கு, டாக்டரிடம் பதிவு, எல்லாமே சங்கடம். எங்கள் படிவப்படி இவர்கள் அறியப்படாதவர்கள். ஆனால் அந்தக் கிழவருடைய அடுப்பு எத்தனை மணிக்குப் புகையும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

பிறர் படகில் அழைக்காமல் கால் வைக்கக்கூடாது. கால் வைத்தால் படகு சாயும். உள்ளே இருப்பவனின் தேநீர் தளும்பும். பலகையில் நின்றபடி கூரையைத் தட்டவேண்டும். பக்கவாட்டுத் திறப்பு ஒன்று திறக்கும், ஒரு தலை தெரியும். நம் திண்ணையின் காரியத்தை அந்தத் திறப்பு செய்கிறது. மழை பெய்தால் மட்டுமே உள்ளே அழைப்பு. உள்ளேயும் வட்டமாக உட்கார முடியாது, ரயில் பெட்டிமாதிரி வரிசைதான். வட்டம் இல்லாததால் சபை இல்லை, சபாநாயகரும் இல்லை. பேச்சு இரண்டு இரண்டு பேராகத்தான் நடக்கும். இலக்கியக் கூட்டங்களில் பழகிய எனக்கு இது பெரிய ஆறுதல். டிசம்பர் 10ஆம் தேதி இங்கிலாந்தும் பிரான்ஸும் உலகக் கோப்பைக் கால்பந்துக் கால் இறுதியில் மோதியபோது ஒன்பது பேர் ஒரே படகில் கூடினோம். தொலைக்காட்சி ஒரு சுவரில். பார்ப்பவர்கள் அத்தனை பேரும் எதிர்ச் சுவரில். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஆட்டம் முழுவதும் நின்றது. இங்கிலாந்து தோற்றது. யாரும் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் நிமிர்ந்துவிடும் என்பதுபோல.

அந்த வாரம் கால்வாய் உறைந்திருந்தது. ராத்திரியில் பனிக்கட்டி படகின் வயிற்றைப் பிடித்து நெருக்கும் சத்தம் கேட்கும், யாரோ கதவு திறப்பதுபோல. உறைந்த நீரில் படகை நகர்த்துவது மரியாதைக்கேடு. நகரும் படகு உடைக்கிற கட்டிகள் பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் படகைக் கிழித்துவிடக்கூடும். முன்காலத்தில் சரக்கு நிற்கக்கூடாது என்பதற்காகப் பனி உடைக்கும் படகுகள் இருந்தன. நடுவிலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் இருபுறமும் ஆட்ட, கரையில் குதிரைகள் வரிசையாக இழுக்கும். 1962-63 குளிர்காலத்தில் அதுவும் பலிக்கவில்லை. வாரக்கணக்கில் படகுக் குடும்பங்கள் நின்ற இடத்திலேயே சிக்கிக்கொண்டன. சரக்கு லாரிக்குப் போனது, திரும்பி வரவில்லை. 1963இல் அரசு வாரியம் தன் நாரோபோட் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பகுதியைக் கைவிட்டது. லண்டன் ஜாம் தொழிற்சாலை ஒன்றுக்கு நிலக்கரி கொண்டுபோன கடைசி நீண்டதூர ஒப்பந்தம் 1970இல் முடிந்தது. பிரான்ஸ்டன் தேவாலயத்தின் இடுகாட்டில் அந்தக் குடும்பங்கள் பல கிடக்கின்றன. இப்போது படகில் இருப்பவர்கள் அவர்களுடைய வாரிசுகள் அல்ல. வீட்டை மட்டும் சுவீகரித்துக்கொண்டவர்கள்.

உறைவின் நாலாவதோ ஐந்தாவதோ நாள் காலை ஹெரானின் புகைபோக்கி புகையவில்லை. புகையில்லாத நிலக்கரி என்று பெயரே தவிர, காலையில் கிளறிவிடும்போது கொஞ்சம் புகையத்தான் செய்யும். எட்டு மணிக்குச் சாம்பல் கொட்டப்போன ஒவ்வொருவரும் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பதுக்கு மறுபடி பார்த்தார்கள். ஒன்பதரைக்கு எதிர்ப்படகு அம்மாள், அந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, போய்க் கூரையைத் தட்டினாள். சற்று நேரம் கழித்துத் திறப்பு திறந்தது. கிழவர் கோட்டும் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு நின்றார். புகைபோக்கியைச் சுத்தம் செய்யப்போவதால் அடுப்பை அணைத்திருப்பதாகச் சொன்னார். அவருடைய கூரைமேல் காலி நிலக்கரிச் சாக்குகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. நிலக்கரிப் படகு பனியில் சிக்கி வரவில்லை. அந்த வருஷம் எல்லா எரிபொருளும் விலை ஏறிக்கிடந்தது. அம்மாள் சாக்குகளைப் பார்க்கவில்லை. 'நல்லவேளை, ஞாபகம் வந்தது. போன பிப்ரவரியில் உங்களிடம் ஒரு மூட்டை வாங்கினேன், திருப்பித் தரவே இல்லை. இன்றைக்கு எடுத்துக்கொள்கிறீர்களா? வைத்துக்கொள்ள இடமில்லாமல் தவிக்கிறேன்' என்றாள். கிழவர் கொஞ்சம் யோசித்தார். 'ஆமாம், ஒரு மூட்டை' என்றார். என் சிநேகிதன்தான் தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தான். திரும்பிவந்து கையைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "அந்தம்மா இங்க வந்ததே ஏப்ரல்லதாண்டா."

கடன் பேரேடுகளோடு பத்து வருஷம் இருந்தவன் நான். தராத கடனை இப்படித் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. இருவருக்கும் அது பொய் என்று தெரியும். அந்தப் பொய்யை இருவருமாகச் சேர்ந்து தாங்கிப்பிடித்தார்கள், கண்ணாடிச் சாமானை இரண்டு பேர் தூக்குவதுபோல.

அந்நியமாதல் என்ற சொல் அரை நூற்றாண்டாக நம் பத்திரிகைகளில் புழங்குகிறது. மேற்கத்திய மனிதன் தனியன், அவனுக்கு அண்டை அயல் கிடையாது என்பதைப் புத்தகங்களிலிருந்து எடுத்துக்கொண்டு, அதே வியாதியை நம் கதாநாயகர்களுக்கும் வரவழைத்தோம். எனக்குத் தோன்றுவது, தனிமையும் அந்நியமாதலும் ஒன்றல்ல என்பதை நாம் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த மெரினாவில் ஒவ்வொருவனும் தனியாக இருக்கத்தான் வந்திருக்கிறான். அவன் தனிமையை மற்றவர்கள் கூட்டாகக் காவல் காத்தார்கள். நம் தெருவில் எதிர்வீட்டுக்காரரின் சம்பளமும் ஜாதியும் பெண்ணுக்கு எத்தனை இடம் பார்த்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். அவர் வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்பதைப் பற்றி அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியாது. அறிதல் வேறு, கவனம் வேறு. பெனலபி ஃபிட்ஸ்ஜெரால்ட் தேம்ஸ் நதியில் படகில் குடியிருந்தவர். அந்தப் படகு மூழ்கியேபோனது. அதிலிருந்து எழுதிய 'ஆஃப்ஷோர்' நாவலுக்கு 1979இல் புக்கர் பரிசு கிடைத்தது. அதன் பாத்திரங்கள் கரையிலும் ஒட்டாதவர்கள், நீரிலும் ஒட்டாதவர்கள். ஆனால் ஒருவர் படகில் தண்ணீர் ஏறினால் இன்னொருவருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்நியமாதலைப் பற்றிய நாவலாகவே அதைக் கல்லூரி நாட்களில் படித்திருந்தேன். இப்போது படித்தால் அப்படித் தோன்றவில்லை.

இதை ஒரு லட்சிய சமூகமாக்கிக் காட்டும் உத்தேசம் எனக்கில்லை. மெரினாவுக்குக் கதவு உண்டு, அதற்கு எண் பூட்டு உண்டு. கதவுக்கு வெளியே, குதிரைகள் படகிழுத்த பழைய கரைப்பாதை ஓரமாக வேறு படகுகள் நின்றன. நிரந்தர இடத்துக்குக் கட்டணம் கட்ட வழியில்லாதவர்கள், அல்லது கட்ட விரும்பாதவர்கள். 1995ஆம் வருஷச் சட்டப்படி அவர்கள் ஓரிடத்தில் 14 நாளுக்குமேல் நிற்கக்கூடாது. உறைவின்போது அவர்களில் ஒரு பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் இரண்டு கேன்களோடு கதவருகே நின்று தண்ணீர் கேட்டாள். குழாய் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் என்று பலகை இருந்தது. நிலக்கரி மூட்டைக்காக அவ்வளவு நேர்த்தியாகப் பொய் சொன்ன அம்மாளே, 'அவர்களுக்கு இடம் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் வருவார்கள்' என்றாள். என் சிநேகிதன் கேன்களை வாங்கி நிரப்பிக் கொடுத்தான். அம்மாள் பார்க்காததுபோல நின்றாள். அங்கே எல்லோருக்கும் கைவந்த கலை அது. புகைபோக்கியைப் பார்க்கிற கண் வேலிக்கு இந்தப்புறம்வரைதான் போகிறது. ஆனாலும் அந்த நிலக்கரி பொய்யாகிவிடாது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன என்பதைத்தான் சொல்லவேண்டும்.

மார்ச்சில் லாக்குகள் திறந்ததும் படகுகள் கலையத் தொடங்கின என்று சிநேகிதன் எழுதினான். விடைபெறும் சம்பிரதாயம் கிடையாது. ஒருநாள் காலை இடம் காலியாக இருக்கும். ஹெரானும் போய்விட்டது. அடுத்த குளிர்காலத்தில் அதே இடத்துக்கு வருமா என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டுவைக்கவும் இல்லை. நாலு மாதம் ஒருவர் புகையை ஒருவர் பார்த்தவர்கள் இனி எங்காவது எதிர்ப்பட்டால் கையசைத்துக்கொள்வார்கள். உறவு என்றால் நீடிக்கவேண்டும் என்று நினைக்கிற நமக்கு இது குறைவாகத் தோன்றலாம். அது அந்தக் குளிருக்குப் போதுமானதாக இருந்தது. போகும் முன் கிழவர் அந்த மூட்டையைத் திருப்பித் தந்தாரா என்று நான் எழுதிக் கேட்கவில்லை. அது வங்கியில் கேட்கிற கேள்வி.