உள்ளங்கை வைத்துப் பார்ப்பவர்கள்

பாட்டி முதலில் சறுக்குமரத்தின் தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். மாலை நாலரை. வெயில் புங்கமரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, ஆனாலும் தகடு சுடுகிறது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து மேலிருந்து கொஞ்சம் ஊற்றுகிறார். முந்தானையால் துடைத்து, மறுபடி கை வைத்துப் பார்த்த பிறகுதான் "இப்ப ஏறு கண்ணு" என்கிறார். பேரனுக்கு மூன்று வயது இருக்கும். மஞ்சள் பனியன். அவன் அதற்குள் சறுக்குமரத்தின் கீழ்முனையிலிருந்து மேல்நோக்கி ஏறத் தொடங்கிவிட்டான். பாதி ஏறுவான், வழுக்கி வந்து விழுவான், சிரிப்பான், திரும்ப ஏறுவான். படிக்கட்டு என்று ஒன்று பின்னால் இருப்பது அவனுக்குத் தெரியும். அது அவனுக்கு வேண்டாம்.

சென்னையில் ஒரு வார்டுப் பூங்கா. இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சுற்றிலும் நடைபாதை, ஓரத்தில் எட்டு போட்டு நடக்க ஒரு வளைவு, நடுவில் புல்தரை, மூலையில் கம்பி வேலிக்குள் பிள்ளைகளுக்கான இடம். நடை முடித்த பெரியவர்கள் மூச்சு வாங்கிக்கொள்ளும் சிமெண்ட் திண்ணையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

முன்வாசலில் ஒரு தடங்கல். மாடும் பைக்கும் நுழையாதிருக்க வளைத்து வளைத்துக் கம்பி போட்டிருக்கிறார்கள். ஓர் இளம் தாய் தள்ளுவண்டியோடு வந்து அதன் முன் நிற்கிறார். வண்டிக்குள் ஒரு வயதுக் குழந்தை, தோளில் பை, இன்னொரு கையில் நான்கு வயதுப் பெண். மூன்றையும் ஒரே நேரத்தில் தூக்க இரண்டு கை போதாது. வாட்ச்மேன் பார்த்துவிட்டு ஓடிவருகிறார். முன்சக்கரத்தை அவர் பிடிக்க, பின்பக்கத்தைத் தாய் பிடிக்க, வண்டி குழந்தையோடு கம்பிக்கு மேலே மிதந்து உள்ளே வருகிறது. "தேங்க்ஸ்ணா." "பின்னாடி சின்ன கேட் இருக்கும்மா, சொல்லிருந்தா தொறந்திருப்பேனே." சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளையை இந்த வாசல் எப்படி உள்ளே விடும்? சாந்தோமில், ஊனமுள்ள பிள்ளைகளும் மற்றவர்களும் சேர்ந்து ஆடும்படி மாநகராட்சி ஓர் இடம் அமைத்திருக்கிறது. அப்படி ஒன்றைப் பார்க்க நகரத்தின் இன்னொரு கோடியிலிருந்து வர வேண்டியிருக்கிறது என்பதுதான் வருத்தம். ஒவ்வொரு வார்டிலும் இருக்க வேண்டிய ஒன்று அது.

நான்கு வயதுக்காரி கையை உதறிக்கொண்டு ஊஞ்சலுக்கு ஓடுகிறாள். ஊஞ்சல் இரண்டு. ஒன்றின் கொக்கி தேய்ந்துவிட்டதால் வாட்ச்மேன் கயிறு போட்டு மேலே கட்டி வைத்திருக்கிறார். மற்றொன்றில் ஒரு சிறுமி, பின்னால் அவள் அப்பா. கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை இன்னும் தொங்குகிறது. "இன்னும் மேல, இன்னும் மேல" என்கிறாள் மகள். ஓடிவருகிறவள் ஊஞ்சலின் பாதைக்குள்ளேயே வந்துவிடுகிறாள். அவர் சட்டென்று சங்கிலியைப் பிடித்து இழுத்து நிறுத்துகிறார். அரை நொடி. மூன்று பெரியவர்களின் முகமும் வெளிறித் திரும்புகிறது.

அந்தச் சிறுமியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாசலிலிருந்து சறுக்குமரத்துக்குப் போகிற நேர்வழியில் ஊஞ்சலை நட்டிருக்கிறார்கள். ஊஞ்சலுக்கு ஒரு ஓரம் வேண்டும். சட்டத்தின் இரு பக்கமும் ஆறடியாவது வெறுமையாக விடவேண்டும். முன்னும் பின்னும் இன்னும் அதிகம். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஆடிவரும் பலகையின் வேகத்தைக் கணிக்கத் தெரியாது. இடம் ஒதுக்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சறுக்குமர மேடையின் கம்பிகளுக்கு நடுவே ஒருத்தி தலையை விட்டுப் பார்க்கிறாள். இந்தப் பூங்காவில் கம்பிகள் நெருக்கமாக இருக்கின்றன, தலை போகவில்லை. எனக்கு நிம்மதி. விளையாட்டுச் சாதனங்களில் எந்தத் திறப்பும் ஒன்பது சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்கவேண்டும், இல்லையென்றால் இருபத்துமூன்றுக்கு மேல் இருக்கவேண்டும் என்று அமெரிக்காவின் பாதுகாப்புக் கையேடு சொல்கிறது. நடுவில் உள்ள அளவுகள்தான் ஆபத்து. கால் முதலில் நுழைந்து, உடம்பும் நழுவிப் போய், தலை மாட்டிக்கொள்ளும். யாரோ ஒரு வெல்டர் இந்தக் கம்பிகளைச் சரியான இடைவெளியில் வைத்துப் பற்றவைத்திருக்கிறார். அவர் யாரென்று இங்கே எவருக்கும் தெரியாது.

ஐந்தரைக்குப் பள்ளி விட்ட பையன்கள் வருகிறார்கள். பதின்மூன்று, பதினான்கு வயது. "12 வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும்" என்ற பலகைக்கு நேர்கீழே உள்ள ஊஞ்சலில் ஒருவன் உட்கார்ந்துகொள்கிறான். வாட்ச்மேன் விசில் ஊதுகிறார். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. இந்த வட்டாரத்தில் அவர்களுக்கென்று வேறு இடமில்லை. இருந்த காலி மனைகளெல்லாம் அடுக்குமாடியாகிவிட்டன, தெருவில் கார் நிற்கிறது. மஞ்சள் பனியன் வந்து எதிரே நின்று, ஒன்றும் சொல்லாமல், ஊஞ்சலையே பார்க்கிறான். பையன் இறங்கிவிடுகிறான். இறங்கியதோடு நிற்கவில்லை. சின்னவனைத் தூக்கி உட்காரவைத்து, "கெட்டியா புடிச்சிக்கோடா" என்று மெல்லத் தள்ளிவிடுகிறான்.

செனாய் நகர் திரு.வி.க. பூங்கா மெட்ரோ வேலைக்காக 2011-ல் மூடப்பட்டு 2023-ல் திறந்தது. மூடியபோது மஞ்சள் பனியன் வயதில் இருந்த பிள்ளை, திறந்தபோது இந்தப் பையன்களையும் தாண்டி வளர்ந்திருக்கும். ரயிலும் நகரத்துக்கு வேண்டியதுதான். ஆனால் ஒரு விளையாட்டிடத்தை மூடும்போது பக்கத்துத் தெருவில் தற்காலிகமாக ஒரு மணல் குவியலும் இரண்டு ஊஞ்சலுமாவது வைத்துவிட்டு மூடவேண்டும். பிள்ளைப்பருவம் வேலை முடியும்வரை காத்திருக்காது.

கழிப்பறைப் பக்கம் ஓர் ஐந்து வயதுக்காரி காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறாள். அம்மா கதவைத் தள்ளிப் பார்க்கிறார். பூட்டு. சுற்றுமுற்றும் பார்க்கிறார். மரத்தின் பின்னால் போகச் சொல்ல அவருக்கு மனமில்லை. "வாம்மா, வீட்டுக்குப் போயிடலாம்." வந்து கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. அழுதுகொண்டே போகிறாள்.

நிழலில் உட்கார ஒரு திண்டு கிடைத்த பாட்டி ஒன்றரை மணி நேரம் இருக்கிறார். ஆகவே மஞ்சள் பனியனும் ஒன்றரை மணி நேரம் ஆடுகிறான். அழைத்து வந்தவரின் முழங்கால், முதுகு, சிறுநீர்ப்பை, கொசுக்கடி தாங்கும் சக்தி, இவைதான் பிள்ளையின் விளையாட்டு எப்போது முடியும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, ஒரு வயது தாண்டியதும், நாளில் மூன்று மணி நேரமாவது ஓடியாடும் அசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. இரண்டு அறை வீட்டில் சோபாவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் அது நடக்காது. அதற்குத்தான் இந்த மூலை. பூங்கா கட்டுகிறவர்கள் பிளாஸ்டிக் யானைக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் செலவிடும் பணத்தில் கொஞ்சத்தை முதுகு சாயும் ஒரு பெஞ்சுக்கும் திறந்திருக்கும் ஒரு கழிப்பறைக்கும் ஒதுக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுகிறது.

ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர் இதை அறிந்திருந்தார். போர் முடிந்து வறுமை விலகாத 1947-ல், பெர்டெல்மன் சதுக்கத்தில் தன் முதல் விளையாட்டிடத்தை அமைத்தார். அகலமான விளிம்பு கட்டிய ஒரு மணல் தொட்டி, உருண்டைக் கற்கள், குட்டிக்கரணம் போடச் சில கம்பிகள், சுற்றிலும் மரங்கள், ஐந்து பெஞ்சுகள். அவ்வளவுதான். பிறகு 30 ஆண்டுகளில் அந்நகரில் அவர் அமைத்தவை 700-ஐத் தாண்டின. பல, இடிந்த வீடுகள் விட்டுச்சென்ற துண்டு நிலங்களில். மணல் தொட்டியின் விளிம்பை அத்தனை அகலமாக வைத்ததால் பிள்ளைகள் அதில் மண்கோட்டை கட்டலாம், பெரியவர்கள் உட்காரலாம்.

மணலைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்த மூலையின் கடைசியில், நடைபாதை பழுதுபார்த்தபோது மிஞ்சிய மணல் ஒரு குவியலாகக் கிடக்கிறது. நல்லவேளை ஆற்றுமணல். எம்-சாண்ட் என்றால் உடைத்த கல், முனை கூராக இருக்கும். அரை மணியாக ஒருவரையொருவர் திரும்பியும் பார்க்காத நான்கு பிள்ளைகள் அங்கே சேர்ந்துவிட்டார்கள். தள்ளுவண்டித் தாயின் மகள் ஐஸ்கிரீம் கப்பில் மணலை நிரப்பிக் கவிழ்க்கிறாள். ஒருவன் புங்கம்பூவைத் தூவுகிறான். "இது சாம்பார் சாதம்." "எனக்குத் தயிர் சாதம்." மஞ்சள் பனியன் கேட்காமலே ஒரு கை அள்ளிப் போடுகிறான், யாரும் விரட்டவில்லை. இந்தக் குவியலை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை. நாளைக்கு லாரி வந்து அள்ளிப் போகாமல் இருக்கவேண்டுமே என்று என் கவலை.

லஸ் பக்கம் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவைப் பற்றிப் பேசும்போது மயிலாப்பூர்க்காரர்கள் குரலில் ஒரு சொந்தம் இருக்கும். அமிர்தாஞ்சன் நிறுவனர் பெயர் தாங்கிய பூங்கா அது. தாத்தா ஆடிய இடத்தில் பேத்தி ஆடுகிறாள். தினமும் யாராவது பெருக்கி, தண்ணீர் விட்டு, ஆணி முறுக்கிப் பார்த்துக்கொண்டால் எந்தப் பூங்காவும் அப்படி ஆகும். சாதனம் வாங்குவது ஒருநாள் செலவு. சங்கிலியில் எண்ணெய் விடுவதும் ஊஞ்சலடியில் குழிந்துபோன மண்ணை நிரப்புவதும் வருடம் முழுக்க ஒரு மனிதரின் சம்பளம். அந்தச் சம்பளத்தை நிறுத்தினால் முதலில் தெரிவது கயிறு போட்டுக் கட்டிய ஊஞ்சல்தான்.

ஆறேகால் ஆகிறது. தள்ளுவண்டித் தாய் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னதுக்குப் பால் கொடுத்து முடித்துவிட்டார். பாட்டி நகர்ந்து கொடுத்த இடம் அது. இருவரும் இதற்குள் மாமியார் ஊர், தடுப்பூசி, ப்ளே ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் பேசியாகிவிட்டது. இப்போது அவர் போனில் தோழி ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார், திண்ணை வரைக்கும் கேட்கிறது.

"டீ, அந்தப் பெரிய பார்க்கை விடு, ஞாயித்துக்கிழமை நிக்கவே இடமிருக்காது. இங்க வா. முன் கேட் வேணாம், வண்டி நுழையாது. பின்னாடி சின்ன கேட் இருக்கு, வாட்ச்மேன் அண்ணாகிட்ட சொன்னா தொறப்பாரு. நாலரைக்கு முன்னாடி வராதே, சறுக்குமரம் கொதிக்குது. வந்ததும் கை வெச்சுப் பாரு. ஊஞ்சல் ஒண்ணுதான் ஆடுது. ஆனா மணல் இருக்குடி, நல்ல மணல்! பழைய டப்பா ரெண்டு எடுத்துட்டு வா. ஆமா, அத்தையைக் கூட்டிட்டு வா, நிழல்ல உட்கார இடமிருக்கு. பசங்களை மட்டும் வீட்டுலயே பாத்ரூம் அனுப்பிட்டுக் கூட்டிட்டு வந்துடு. நாளைக்கே வரியா?"